அப்பாவை ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும்: போர்ட்ரெய்ட் பற்றிச் சொல்லித் தாருங்கள்

வெயில்பறவை எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு எழுபது வயதாகப் போகிறது. அவரை ஒழுங்காக ஒரு படம் எடுத்து, பெரிதாக அச்சுப் போட்டு, கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டில் இருக்கும் அவருடைய படங்கள் எல்லாமே அடையாள அட்டைக்கு எடுத்தவை, இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருவராக நிற்பவை.

என்னிடம் ஒரு கிராப் சென்சார் கேமரா (முழு அளவைவிடச் சிறிய சென்சார் உள்ளது) இருக்கிறது. அதோடு வந்த 18-55 எம்எம் லென்ஸ், அப்புறம் தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8. மூன்று வாரமாக முயல்கிறேன். ஜன்னலை ஒட்டி நிற்கவைத்தேன். முகம் கறுத்துவிட்டது, பின்னால் ஜன்னல் வெள்ளை வெளேரென்று வெளிறிப் போனது. நண்பகலில் வெளியே எடுத்தேன். கண்குழி இரண்டும் இருட்டு. 18 எம்எம்மில் வைத்துக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடுகிறது. 50ல் எஃப் 1.8 வைத்தேன், பேக்ரவுண்ட் அழகாகக் கரைந்தது, ஆனால் ஒரு கண் கூர்மை, இன்னொரு கண் மங்கல்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கேமராவைப் பார்த்ததும் அப்பா விறைத்துவிடுகிறார். "என் மூஞ்சி போட்டோவுக்கு ஆகாதும்மா, விடு" என்கிறார். அந்தச் சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேசும்போது அவர் எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியும். அது படத்தில் வரமாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?


சாம்பல்நிறம் எழுதியது:

வணக்கம் வெயில்பறவை. நீங்கள் சொன்னதில் இரண்டு சிக்கல்கள் வெறும் கணக்கு. அவற்றை முதலில் முடித்துவிடலாம்.

மூக்கு பெரிதானதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, நீங்கள் நின்ற தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக 12 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் கேமரா இருந்தால் காது 42 செ.மீ.யில் இருக்கும். அப்படியானால் காதோடு ஒப்பிடும்போது மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். 2 மீட்டருக்குப் பின்வாங்கிப் பாருங்கள்: 200க்கு 212. வித்தியாசம் 6 சதவீதம்தான். நேரில் ஒருவரோடு பேசும்போது நாம் அநேகமாக ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்கிறோம்; நம் மனதில் பதிந்திருக்கும் முகம் அந்தத் தூரத்து முகம்.

85 எம்எம், 105 எம்எம் லென்ஸ்களைப் போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று சொல்வதும் இதனால்தான். முகமும் தோளும் ஃப்ரேமை நிறைக்க வேண்டுமென்றால், அவை நம்மைத் தாமாகவே அவ்வளவு தூரம் தள்ளி நிற்கவைக்கும். உங்கள் 50 எம்எம், கிராப் சென்சாரில் ஏறக்குறைய 75 எம்எம் போல நடந்துகொள்ளும். போர்ட்ரெய்டுக்கு அது போதும், வேறு லென்ஸ் வாங்க வேண்டாம்.

அடுத்து அந்த மங்கலான கண். 50 எம்எம், எஃப் 1.8, 1 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 3 செ.மீ.க்குள். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே 6 செ.மீ.க்கு மேல் இருக்கும். அப்பா முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் 4 செ.மீ. பின்னால் போய்விடும். இரண்டும் கூர்மையாக வர வழியே இல்லை. எஃப் 4 வைத்து (எஃப் எண் கூடினால் லென்ஸின் திறப்பு சுருங்கி, கூர்மையின் ஆழம் கூடும்) 1.5 மீட்டருக்குப் போங்கள். ஆழம் 14 செ.மீ. கிடைக்கும். இரண்டு கண்ணும் காது வரைக்கும் உள்ளே வந்துவிடும். போக்கஸ் எப்போதும் கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.


வெயில்பறவை எழுதியது:

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் எஃப் 4 வைத்தால் பேக்ரவுண்ட் கரையாதே? அதற்காகத்தானே இந்த லென்ஸையே வாங்கினேன்.


சாம்பல்நிறம் எழுதியது:

பேக்ரவுண்டைக் கரைக்க அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, மட்டும் வழியல்ல. அப்பாவைச் சுவரிலிருந்து 3 மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். எஃப் 4லேயே சுவர் நன்றாக மங்கும். சுவரில் முதுகு சாய்ந்திருந்தால் எஃப் 1.8 வைத்தாலும் சுவரின் கீறல் தெரியும்.


பழையகேமரா எழுதியது:

நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஸ்டுடியோ நடத்துபவன். தம்பி சாம்பல்நிறம் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் நான் தொடங்கும் இடம் வேறு. கேமராவைத் தொடுவதற்கு முன் அறையில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் அம்மா.

ஒரு பழக்கம் சொல்கிறேன். உங்கள் கையை முகத்துக்கு நேரே நீட்டி, முஷ்டி பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் மூட்டுகள் மேல் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். ஒரு திசையில் தட்டையாக இருக்கும், ஒரு திசையில் இருட்டாகும், ஒரு திசையில் மேடும் பள்ளமும் அழகாகத் தெரியும். அந்தத் திசைதான் அப்பாவின் முகத்துக்கு. ஸ்டுடியோவில் விளக்கு வைக்கும் முன்பு இன்றைக்கும் இதைத்தான் செய்கிறேன்.

நீங்கள் அப்பாவை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். அவருக்கு முதுகில்தான் வெளிச்சம். அதை மாற்றுங்கள். ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு, ஜன்னல் அவருடைய ஒரு தோளுக்குப் பக்கமாக வரும்படி உட்காரவையுங்கள். அப்புறம் முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். கறுத்த பக்கத்துக் கண்ணில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு விழும் வரைக்கும் திருப்பினால் போதும். அந்தப் பொட்டு இல்லாத கண் படத்தில் உயிரில்லாமல் இருக்கும்.

இருட்டுப் பக்கம் அதிகமாகக் கறுத்தால், ஒரு வெள்ளைப் போர்வையை நாற்காலியில் தொங்கவிட்டு அந்தப் பக்கம் நகர்த்துங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். அறையின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள், இது முக்கியம். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு வேறு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால், பிறகு எடிட் செய்து சரிக்கட்டுவது மிகவும் கடினம்.

வெளிச்சம் போதவில்லை என்றால் ஜன்னலுக்குக் கிட்டே வாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.


சாம்பல்நிறம் எழுதியது:

ஐயா, கடைசி வரியில் ஒரு சிறு திருத்தம். அந்தக் கால்பங்குக் கணக்கு பல்பு, ஃபிளாஷ் போன்ற சின்ன ஒளிமூலத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். ஜன்னல் பெரியது. அதன் அகலத்துக்குள்ளான தூரத்தில் நகர்ந்தால் வெளிச்சம் அவ்வளவு வேகமாகக் குறையாது. நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான் அந்தக் கணக்குக்கு நெருங்கி வரும்.


பழையகேமரா எழுதியது:

சரிதான் தம்பி. ஃபிளாஷ் வைத்தே பழகியதால் அப்படிச் சொல்லிவிட்டேன். ஆனால் கிட்டே போகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிட்டே போகப் போக, அந்த ஜன்னல் முகத்தைப் பொறுத்தவரை பெரிய விளக்காகிறது. விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் மென்மையாகும். நண்பகல் வெயிலில் கண்குழி கறுத்ததற்கும் இதுதான் விளக்கம். சூரியன் எவ்வளவு பெரிதானாலும் வானத்தில் அரை டிகிரி அகலம்தான், அதுவும் உச்சியில். அதே சூரியனை மேகம் மறைத்தால் வானம் முழுவதும் விளக்காகிவிடும்.

வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கட்டடத்தின் நிழலுக்குள், நிழலும் வெயிலும் சந்திக்கும் விளிம்புக்கு ஓரடி உள்ளே, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். மரநிழல் வேண்டாம். இலைகளுக்கு நடுவே விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாகப் படியும், பச்சை நிறமும் ஏறும்.


கைபேசிக்காரன் எழுதியது:

இந்த இழையைப் படிப்பவர்களில் பாதிப் பேரிடம் கேமரா இருக்காது என்பதால் போன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் முழுக்க முழுக்கப் போனில்தான் எடுக்கிறேன்.

முதல் வேலை, லென்ஸைத் துடைப்பது. நாள் முழுக்கக் கையிலும் பையிலும் கிடக்கும் பொருள் அது. விரல் எண்ணெய் படிந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பனிமூட்டம் போலப் பரப்பும். அடுத்து, சாம்பல்நிறம் சொன்ன தூரம். போனின் முதன்மை லென்ஸ் 24 எம்எம் அளவில் இருக்கும், அகலப் பார்வை. அதனால் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று எல்லாரும் கிட்டே போய்விடுகிறார்கள். திரையில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூமைத் தொட்டுவிட்டு, இரண்டு அடி பின்வாங்குங்கள். முகம் அப்படியே மாறும்.

மூன்றாவது, திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போக்கஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலே கீழே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பெரும்பாலான போன்களில் இது உண்டு. அழகாக்கும் வடிகட்டி ஏதாவது தானாக ஓடுகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். அது என் பாட்டியின் கன்னத்தை மெழுகு போல ஆக்கி வைத்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது. அவர் இல்லாத இந்த நேரத்தில் என்னிடம் இருப்பது அந்த ஒரு படம்தான், அதில் அவர் முகம் இல்லை.


நிலாமுற்றம் எழுதியது:

படிக்கவே மனசு கனக்கிறது கைபேசிக்காரன்.

போனில் போர்ட்ரெய்ட் மோட் வைக்கலாமா, கூடாதா? பின்னால் மங்கலாகிறது, ஆனால் முடி ஓரமெல்லாம் வெட்டி ஒட்டியது போல வருகிறது. இன்னொரு கேள்வியும் உண்டு. என் கணவர் மூக்குக்கண்ணாடி போடுபவர். எந்தப் படத்திலும் கண்ணுக்கு மேல் ஜன்னல்தான் தெரிகிறது. கழற்றிவிடச் சொல்லலாமா?


கைபேசிக்காரன் எழுதியது:

அந்த மோட் ஆழத்தைக் கணக்கிட்டு, பின்னால் இருப்பதை மென்பொருளால் மங்கலாக்குகிறது. எது முன், எது பின் என்று அது தடுமாறும் இடங்கள் தெரிந்தவையே: பறக்கும் முடி, கண்ணாடிச் சட்டத்தின் ஓரம், விரல்களின் இடுக்கு. பின்புலம் வெறுமையாக, முடி படிந்து இருந்தால் நன்றாகவே வரும். பல போன்களில் எடுத்த பிறகும் மங்கலின் அளவைக் குறைக்க முடியும். நான் பாதிக்குக் கீழேதான் வைப்பேன்.


பழையகேமரா எழுதியது:

நிலாமுற்றம், கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் போடுபவர் கழற்றினால் மூக்கின் இரு பக்கமும் தழும்பு தெரியும், பார்வையும் எங்கோ இருக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது அவர் முகமாகவே படாது.

வெளிச்சம் எந்தக் கோணத்தில் கண்ணாடியில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். அந்தத் திரும்பும் பாதையில் கேமரா நிற்காமல் இருந்தால் சரி. ஜன்னல் இன்னும் பக்கவாட்டில் வரும்படி நாற்காலியை நகர்த்துங்கள். அல்லது கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் தூக்கிவிடுங்கள். கண்ணாடி தரையைப் பார்த்துச் சாயும், ஜன்னல் மறைந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் தூக்கியதே தெரியாது.


தூரிகை எழுதியது:

நான் ஓவியம் பழகியவன், கேமராவுக்குப் பின்னால்தான் வந்தேன். பழையகேமரா ஐயா சொன்ன ஜன்னல் முறையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மூக்கின் நிழலைப் பாருங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்தும் சற்று மேலிருந்தும் வந்தால், மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேரும். அப்போது இருண்ட கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் மட்டும் ஒளிரும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிரான்ட் தீட்டிய முகங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒளியமைப்புக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். வயதான முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வெளிச்சம் எனக்குத் தெரிந்து இல்லை. முகத்தில் ஆழம் வரும், ஆனால் கடுமை வராது. ஜன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்துவிட்டால் வெளிச்சம் மேலிருந்து இறங்கும். முக்கோணம் எளிதில் கிடைக்கும்.

இன்னொன்று, நிறம் பற்றியது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கறுத்த முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுவதைத்தான் நல்ல படம் என்று பலரும் நம்புகிறார்கள். கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து, படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் புகைப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாருக்கும் சரி என்று வைத்திருந்தார்கள். கறுத்த தோலின் நுணுக்கம் அதில் அமுங்கிப் போனது. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் நம்மை ஏமாற்றும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே அது எண்ணிக்கொள்ளும். கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டி வெளிறவைக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் குறைத்து, முகத்தைக் கரியாக்கும். ஆகவே முகத்தில் மட்டும் அளந்துகொண்டு, திரையில் பார்த்து, மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் கூட்டிக் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்காகும்). அப்பாவின் நிறம் வீட்டில் எப்படித் தெரிகிறதோ அப்படியே வர வேண்டும். கறுத்த தோலில் வெளிச்சம் வழுக்கி மின்னும். அந்த மினுமினுப்பே அதன் அழகு. நெற்றி வியர்வையை மட்டும் ஒற்றி எடுங்கள், மினுக்கத்தை முழுதும் அழித்துவிடாதீர்கள்.


நிலாமுற்றம் எழுதியது:

அப்படியென்றால் சுருக்கங்களையும் தொடக்கூடாதா? என் மாமியார் படத்தில் நான் கொஞ்சம் மென்மையாக்கினேன், அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படத்தில் இருப்பவர் மகிழ்வதும் முக்கியம் இல்லையா?


தூரிகை எழுதியது:

முக்கியம்தான், மறுக்கவில்லை. நான் வைத்திருக்கும் வரம்பு இது: இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியதை அழிக்கலாம். பரு, கீறல், கொசுக்கடி போன்றவை. மறையாததை அழிக்க மாட்டேன். சுருக்கத்தின் ஆழத்தை எடிட்டில் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் எடுக்கும்போதே வெளிச்சத்தை அதிகம் பக்கவாட்டில் விடாமல் முன்பக்கம் கொண்டுவந்தால், எடிட் செய்யாமலே சுருக்கம் மென்மையாகிவிடும். உங்கள் மாமியாருக்கு அடுத்த முறை இப்படி எடுத்துப் பாருங்கள்.


வெயில்பறவை எழுதியது:

எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டேன். நேற்று ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வெளிச்சம் முதல் முறையாக நன்றாக வந்தது, முக்கோணமும் வந்தது. ஆனால் முகம் அதே விறைப்புதான். "சிரிங்கப்பா" என்றால் உதடு மட்டும் இழுக்கிறது. என்ன செய்வது?


பழையகேமரா எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில், விறைப்பு அப்பாவின் குற்றமல்ல. புகைப்படம் பிறந்த நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டது அது. 1839ல் டாகுவேர் என்பவரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டு எஃப் 3.6 லென்ஸ் ஒன்றை வடிவமைத்த பிறகுதான் அது ஒரு நிமிடத்துக்குள் சுருங்கியது. அதற்குப் பிறகும் ஸ்டுடியோக்களில் தலை ஆடாமல் இருக்கப் பின்னாலிருந்து இரும்புத் தாங்கி வைத்தார்கள். "ஆடாதே" என்று ஒருவரிடம் சொன்னால் முகம் கல்லாகத்தான் செய்யும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஷட்டர் ஸ்பீடு 1/160 நொடிக்குக் குறையாத வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 800, 1600 போனாலும் போகட்டும். அப்பா பேசட்டும், கை அசையட்டும்.

இரண்டாவது, "சிரிங்க" என்று சொல்லவே கூடாது. 1862ல் டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை ஆராய்ந்து எழுதினார். உதட்டோரத்தை நாம் நினைத்தபடி இழுக்கலாம்; கண்ணைச் சுற்றியுள்ள தசை மனம் மகிழ்ந்தால்தான் சுருங்கும் என்றார். சொல்லி வரவைத்த சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுவது இதனால்தான்.

நான் செய்வது இது. கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் நிற்பேன், பின்னால் ஒளிய மாட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்பேன். முதன்முதலில் பார்த்த வேலை எப்படிக் கிடைத்தது, அந்தக் காலத்து நண்பர்களில் யாரை இப்போது பார்க்க ஆசை, இந்த மாதிரி. பதில் சொல்லும்போது எடுக்க மாட்டேன். வாய் ஏதோ ஒரு எழுத்தில் கோணியிருக்கும். சொல்லி முடித்து, மூச்சை விட்டு, அந்த நினைவிலேயே ஒரு நொடி இருப்பார்கள் பாருங்கள், அப்போது அழுத்துவேன்.

கைகளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள். கை சும்மா இருந்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் கழுத்து இறுகும். அவர் வழக்கமாகத் தொடும் பொருள் எதுவானாலும் சரி.


சாம்பல்நிறம் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று. கார்ஷ் என்ற புகைப்படக் கலைஞர் 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் சர்ச்சிலைப் படம் எடுத்தபோது, வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று பிடுங்கிவிட்டுத்தான் அழுத்தினார். அந்தச் சீற்றம்தான் உலகப் புகழ் பெற்ற படமானது. அப்படி ஒரு திடீர் அசைவும் உதவலாம்.


பழையகேமரா எழுதியது:

சீற்றம் வேண்டுமானால் அது சரி தம்பி. இந்தப் பெண்ணுக்கு வேண்டியது அவள் அப்பா பேசும்போது இருக்கும் முகம். அதே நாளில் கார்ஷ் இன்னொரு படமும் எடுத்தார், அதில் சர்ச்சில் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுதான் பிடிக்கும்.


நிலாமுற்றம் எழுதியது:

வெயில்பறவை, "என் மூஞ்சி ஆகாது" என்று அப்பா சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அவர் தன் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்துப் பழகியிருக்கிறார், இடவலம் மாறிய முகத்தை. படத்தில் வகிடும் மச்சமும் எதிர்ப்பக்கம் போய்விடும். ஏதோ சரியில்லை என்று தோன்றும். 1977ல் வெளியான ஓர் ஆய்வில், தன் படத்தைத் திருப்பி அச்சிட்டதையே அவரவர் விரும்பினார்கள், அவர்களுடைய நண்பர்கள் நேரான படத்தைத்தான் விரும்பினார்கள். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். என் அம்மாவிடம் சொன்ன பிறகு அவர் கேமராவைப் பார்த்து ஒதுங்குவதில்லை.

எடுத்தவுடனே திரையைக் காட்டாதீர்கள் என்பது என் அனுபவம். பார்த்ததும் அடுத்த படத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்குவார்கள்.


கைபேசிக்காரன் எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. ஒரு நல்ல படம் வந்ததும், அந்த ஒன்றை மட்டும் காட்டுவேன். "நான் இப்படியா இருக்கிறேன்" என்று முகம் மலரும். அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் நன்றாக வரும். முதல் இருபது படத்தைக் காட்டக் கூடாது என்பதில் மட்டும் உங்களோடு நிற்கிறேன்.


தூரிகை எழுதியது:

அமரும் விதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. உடம்பைக் கேமராவுக்கு நேரே வைக்காமல் சற்றுத் திருப்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். முகவாயைத் தூக்கவும் வேண்டாம், கழுத்தோடு அழுத்தவும் வேண்டாம். நெற்றியைக் கேமரா பக்கம் ஓர் அங்குலம் முன்னால் தள்ளச் சொல்லுங்கள். தாடைக்கோடு தெளிவாகும். கேமரா உயரம் அவருடைய கண் உயரம். கையோ காலோ ஃப்ரேமில் வெட்டுப்படுவதாக இருந்தால் மூட்டில் வெட்டாதீர்கள், மணிக்கட்டிலும் முழங்கையிலும் வெட்டினால் ஊனம் போலத் தெரியும்.


வெயில்பறவை எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம், விளக்குகளை அணைத்துவிட்டு, வலப்பக்கம் வெள்ளைப் போர்வை. எஃப் 4, 1/160, ஐஎஸ்ஓ 800, ஏறக்குறைய 1.8 மீட்டர் தூரம். முதல் முப்பது படம் பழையபடிதான். பிறகு அவருடைய பழைய கைக்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, இதை எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். அப்பா பேசத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. எனக்குத் தெரியாத கதைகள். அம்மாவுக்கே தெரியாத கதை ஒன்றும் இருந்தது. நான் அழுத்துவதைப் பல முறை மறந்துவிட்டேன்.

இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒன்றில் எல்லாம் கூர்மை, வெளிச்சம் அழகு, ஆனால் பார்வையில் கொஞ்சம் எச்சரிக்கை. இன்னொன்றில் கதையை முடித்துவிட்டுக் கடிகாரத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். கண் கூர்மையாக இருக்கிறது, ஆனால் வலது கை அசைந்து மங்கிவிட்டது. எதை அச்சுக்குக் கொடுக்க?


பழையகேமரா எழுதியது:

இரண்டாவது. யோசிக்கவே வேண்டாம் அம்மா.


தூரிகை எழுதியது:

இரண்டாவதுதான். கண் கூர்மையாக இருக்கிறதல்லவா, போதும். அசைந்த கையைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்.


சாம்பல்நிறம் எழுதியது:

நானும் இரண்டாவது. அச்சுக்குக் கொடுக்கும் முன் சில குறிப்புகள். உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள். 18க்கு 12 அங்குலத்தில் அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைக்கும், தாராளம். திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்து வைத்து ஒரு முறை பாருங்கள். பிரகாசமான திரையில் சரியாகத் தெரியும் படம் தாளில் இருண்டு வரும். கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் சேமித்துக் கொடுங்கள். முதலில் சின்ன அளவில் ஒரு சோதனை அச்சு எடுத்து, மாட்டப் போகும் அதே சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிதுக்குப் போங்கள்.


வெயில்பறவை எழுதியது:

சோதனை அச்சு வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே கொஞ்சம் இருட்டாக இருந்தது. மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி மறுபடி கொடுத்திருக்கிறேன். அப்பா அந்தச் சின்ன அச்சை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் பார்த்தால் அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

பெரிய அச்சை மாட்டும் சுவருக்கு எதிரே ஜன்னல் இருக்கிறது. பளபளப்புத் தாளா, மேட் தாளா?


பழையகேமரா எழுதியது:

எதிரே ஜன்னல் என்றால் மேட்தான். சட்டம் போடும்போது கண்ணாடி நேராகப் படத்தின் மேல் படக்கூடாது. நடுவில் அட்டை மவுண்ட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஏறி, சில வருடங்களில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். நேர் வெயில் விழாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.